முள்ளங்கி வறுவல்: வாணலியில் என்ன நடக்கிறது?

நம் வீடுகளில் முள்ளங்கிக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: சாம்பார். கொஞ்சம் மாறினால் பொரியல், கூட்டு. வடக்கத்திச் சமையல் பழகியவர்கள் பராத்தாவில் வைப்பார்கள். உருளைக்கிழங்கு, வாழைக்காய், சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு என்று எத்தனையோ காய்களை எண்ணெயில் முறுக வறுத்து ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறோம். அந்த வரிசையில் முள்ளங்கியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. முயன்று பார்த்தவர்களும் "தண்ணி விட்டுக்கிச்சு, சொதசொதன்னு ஆயிடுச்சு" என்று அதோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்த நல்ல காயை இப்படி ஒதுக்கிவைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. பக்குவமாக வறுத்த முள்ளங்கியில் அந்தக் காரமும் நெடியும் இருக்காது. வெளியே பழுப்பேறி, உள்ளே மெத்தென்று, லேசான இனிப்போடு இருக்கும். சாம்பாரில் முள்ளங்கித் துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் பிள்ளைகள்கூட இதை எடுத்துச் சாப்பிடுவார்கள். இதற்குப் பெரிய கைப்பழக்கம் எதுவும் தேவையில்லை. முள்ளங்கிக்குள் இருக்கும் தண்ணீர் சூட்டில் என்ன ஆகிறது, காரம் என்ன ஆகிறது, இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் போதும். எவ்வளவு தீ, எப்போது உப்பு, மூடலாமா கூடாதா என்பதெல்லாம் அதிலிருந்தே தெரிந்துவிடும். அதனால் செய்முறைக்கு முன்னால் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் தண்ணீர்

நூறு கிராம் முள்ளங்கியில் 95 கிராம் தண்ணீர். அரைக் கிலோ வாங்கி வந்தால் அதில் இரண்டு டம்ளருக்கும் மேல் தண்ணீர்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கில் நூற்றுக்கு 80 அளவுக்குத் தண்ணீர், மீதியில் பெரும்பங்கு மாவுச்சத்து. முள்ளங்கியில் மாவுச்சத்து என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இரண்டு கிராம் அளவுக்குச் சர்க்கரை, கொஞ்சம் நார், கொஞ்சம் தாது உப்புகள், வைட்டமின் சி, அவ்வளவுதான். கலோரிக் கணக்கில் நூறு கிராமுக்கு இருபதுகூட வராது.

வறுவல் என்று நாம் சொல்வது எதை? காய் பழுப்பேற வேண்டும், வறுத்த மணம் வர வேண்டும். இந்தப் பழுப்பு நிறமும் மணமும் காயிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிவதால் வருபவை. 1912ஆம் ஆண்டில் இந்த வினையைப் பற்றி எழுதியவர் லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அவர் பெயரிலேயே இன்றும் அதை மையார் வினை என்கிறார்கள். தோசையின் முறுகல், ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டையின் வாசனை எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. சமையலில் இது கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடக்கச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். காயின் மேல்பரப்பு ஈரமாக இருக்கும்வரை, கீழே எவ்வளவு தீ எரிந்தாலும் அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அந்தச் செலவும் சின்னதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், கொதித்த அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்கத் தேவைப்படும். வாணலி நிறைய முள்ளங்கியைக் கொட்டிச் சிறுதீயில் வைத்தால், காய் விடும் தண்ணீர் ஆவியாகிற வேகத்தைவிடத் தேங்குகிற வேகம் கூடிவிடும். அப்புறம் அந்தத் தண்ணீரிலேயே காய் வேகும். சொதசொதவென்று ஆவதற்குக் காரணம் இதுதான். அங்கே நடப்பது வேகவைத்தல். அதை எத்தனை நிமிடம் நீட்டினாலும் வறுவலாகாது, குழையத்தான் செய்யும்.

இதிலிருந்து மூன்று விஷயம் தானாக வரும். பாத்திரம் அகலமாக இருக்க வேண்டும், காய் ஒரே அடுக்காகப் பரவ வேண்டும், தீ தாராளமாக இருக்க வேண்டும். மூடியே போடக் கூடாது. மூடி போட்டால் மேலே போன ஆவி திரும்ப நீராகிக் காயிலேயே சொட்டும். உருளைக்கிழங்குக்கு மூடி போடுகிறோமே என்றால், அதன் மாவுச்சத்து வெந்தாக வேண்டும். முள்ளங்கி பச்சையாகவே தின்னக்கூடிய காய். வேகவில்லையோ என்ற பயமே இதில் வேண்டாம். பழுப்பேறும் நேரத்துக்குள் உள்ளே தானாக மெத்தென்று ஆகிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாவுச்சத்து இல்லாததால் இது உருளை வறுவல் மாதிரி மொறுமொறுப்பாக வராது. அமெரிக்காவில் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்குக்கு மாற்றாக முள்ளங்கியை ஓவனில் வறுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அந்த மாற்றுப் பேச்சை நம்பி உருளையின் ருசியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முள்ளங்கியை முள்ளங்கியாகவே சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். சர்க்கரை நோயால் கிழங்கு வகைகளைக் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தட்டில் வறுத்த காய் ஒன்று கிடைக்கிறது என்பது மட்டும் உண்மையான லாபம்.

காரம் எங்கிருந்து வருகிறது?

முள்ளங்கியின் காரத்தைப் புரிந்துகொள்ள நம் அஞ்சறைப் பெட்டியிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது: கடுகு. தாளிப்பில் வெடித்த கடுகைக் கடித்துப் பாருங்கள். காரமே இருக்காது, கொட்டை வாசனைதான் வரும். அதே கடுகைப் பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும். ஒரே கடுகுதான், ஆனால் ஒன்று சுர்ரென்று ஏறுகிறது, இன்னொன்று சாதுவாக இருக்கிறது.

முள்ளங்கியும் கடுகும் ஒரே குடும்பம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், டர்னிப் எல்லாம் இதில் சேர்த்திதான். இந்தச் செடிகளின் திசுக்களில் குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மங்கள் ஒரு பக்கமும், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருக்கும். தனித்தனியாக இருக்கும்வரை காரம் கிடையாது. பூச்சி கடித்தாலோ, நாம் கத்தியால் வெட்டினாலோ, துருவினாலோ, மென்றாலோ செல்கள் உடைந்து இரண்டும் கலக்கும். அப்போது ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் உண்டாகும். பூச்சிகளை விரட்ட இந்தச் செடிகள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. நாக்கைச் சுர்ரென்று கடிப்பது இந்தப் பொருள்தான்.

நொதி என்பது ஒரு புரதம். சூடு ஏறினால் அது செயலிழந்துவிடும். தாளித்த கடுகில் நடப்பது அதுவே. வறுக்கும் முள்ளங்கியிலும் அதேதான் நடக்கிறது. நொதி போனபின் புதிதாகக் காரம் உண்டாக வழியில்லை. வெட்டும்போது ஏற்கெனவே உண்டான காரமும் எளிதில் ஆவியாகும் தன்மை உள்ளது, திறந்த வாணலியிலிருந்து ஆவியோடு போய்விடும். மூடி போடாததற்கு இது இரண்டாவது காரணம். காரம் விலகியதும், அதுவரை அதன் பின்னால் தெரியாமல் இருந்த இனிப்பு நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் குறையக் குறையச் சர்க்கரையும் செறிவாகிறது. இரண்டும் சேர்ந்துதான் வறுத்த முள்ளங்கி இனிக்கிறது.

அப்படியானால் முள்ளங்கி வாடை என்று முகம் சுளிக்கிறோமே, அது வேறு. இந்தக் குடும்பத்துக் காய்களைத் தண்ணீரில், அதுவும் மூடிவைத்து, நெடுநேரம் வேகவைத்தால் கந்தகச் சேர்மங்கள் மேலும் உடைந்து வேறு நெடிகளைக் கிளப்பும். முட்டைக்கோஸ் அதிகம் வெந்தால் வீடு முழுக்க வருமே, அதே வகை. நல்ல தீயில், திறந்த பாத்திரத்தில், சீக்கிரம் முடித்தால் அந்த வாடைக்கு அவ்வளவாக இடம் கிடைக்காது.

இதனால் நறுக்கும் விதமும் முக்கியமாகிறது. எவ்வளவு பொடியாக நறுக்குகிறோமோ அவ்வளவு செல்கள் உடையும், அவ்வளவு காரம் கூடும். துருவிய முள்ளங்கி இருப்பதிலேயே அதிகக் காரம். வறுவலுக்குக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்கி, நறுக்கிய கையோடு அடுப்பில் ஏற்றுவது நல்லது. காலையில் நறுக்கி வைத்துவிட்டு மதியம் வறுக்கலாம் என்று வைத்தால் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதே அந்த நெடி தெரியும்.

எந்த முள்ளங்கி?

கடையில் எடுக்கும்போது முதலில் கையில் வைத்து எடை பாருங்கள். பருமனுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். பெரிதாக இருந்து கை லேசாக உணர்ந்தால் உள்ளே நெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். முற்றிய முள்ளங்கியின் நடுப்பகுதி வெள்ளையாக, காற்றுப் புகுந்த பஞ்சு மாதிரி இருக்கும். அதை என்ன செய்தாலும் வறுவலுக்கு உதவாது, மென்றால் சக்கைதான். நகத்தால் மெல்ல அழுத்தினால் தோல் எளிதாகக் கிழிந்து ஈரம் கசிந்தால் இளசு. இலையோடு விற்றால் இலை வாடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பறித்து எத்தனை நாளாயிற்று என்பதை இலையே காட்டிவிடும்.

முள்ளங்கி குளிருக்கு ஏற்ற பயிர். நம் சமவெளியில் மார்கழி, தை மாதங்களில் வருவது இனிப்பாக, இளசாக இருக்கும். வெயில் காலத்தில் வெப்பம் கூடும்போது காரமும் கூடும், சீக்கிரம் முற்றியும் போகும். வெயிலையும் தாங்கும் ரகங்கள் இல்லாமல் இல்லை. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா சேட்கி அப்படிப்பட்டது, விதைத்து 40 முதல் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால் காய்கறிக் கடையில் யாரும் ரகத்தின் பெயர் சொல்லி விற்பதில்லை. அதனால் பருவத்தையும் கையில் உள்ள கனத்தையும் நம்புங்கள்.

ஒரே முள்ளங்கியிலும் மேலும் கீழும் ருசி வேறு. இலைப் பக்கம் இனிப்பு, வால் பக்கம் காரம். ஜப்பானியர்கள் இதைப் பார்த்தே எந்தப் பகுதியைப் பச்சையாகத் துருவுவது, எதைக் குழம்பில் போடுவது என்று பிரிப்பார்கள். நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். காரம் பிடிக்காதவர்கள் வீட்டில் இருந்தால் மேல் பகுதியை வறுவலுக்கும் வாலைச் சாம்பாருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு நீள முள்ளங்கியும் வறுக்க நன்றாக வரும். அதன் நிறம் தோலில்தான் இருக்கிறது, சூட்டில் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும். பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அந்த நிறம் கொஞ்சம் துளிர்க்கும், ஏனென்றால் அந்த நிறமி புளிப்பில் சிவக்கும் வகை. பெரிய கடைகளில் கட்டாக விற்கும் சின்ன உருண்டைச் சிவப்பு முள்ளங்கிகள் ஓவனுக்கு மிகப் பொருத்தம், அதைக் கீழே சொல்கிறேன்.

வாணலியில் செய்யும் முறை

மூன்று நான்கு பேருக்கு அரைக் கிலோ முள்ளங்கி வேண்டும். சுருங்கிக் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும் என்பதால் அளவைக் குறைக்காதீர்கள். இளசாக இருந்தால் தோல் சீவத் தேவையில்லை, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். தோல் தடித்திருந்தால் மெல்லச் சீவுங்கள். காரப்பொருள் தோல் பக்கம் அதிகம், எனவே காரம் அறவே பிடிக்காதவர்கள் சீவிவிடலாம். கழுவியபின் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும். ஏற்கெனவே காய்க்குள் இருக்கும் தண்ணீர் போதாதென்று மேலே வேறு எதற்கு? ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டத்தையும் இரண்டாக்குங்கள். எல்லாம் ஒரே கனமாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் மெல்லியது கருகும்போது தடித்தது வெளுப்பாகவே நிற்கும்.

பாத்திரம் இரும்பாக இருந்தால் உத்தமம். அகலமான இரும்பு வாணலி அல்லது இரும்புத் தோசைக்கல். கனமான இரும்பு சூட்டைத் தேக்கி வைத்திருக்கும், குளிர்ந்த காய் விழுந்ததும் சட்டென்று ஆறிப்போகாது. நான்ஸ்டிக் பாத்திரத்திலும் செய்யலாம், ஆனால் அதை வெறுமையாக அதிகச் சூட்டில் காயவிடக் கூடாது என்பதால் இந்த வேலைக்கு அது எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

வாணலி நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெய் விட்டு, எண்ணெய் பளபளவென்று ஓட ஆரம்பித்ததும் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். எல்லாம் அடங்கவில்லை என்றால் இரண்டு தடவையாக வறுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் சொதசொதப்புக்கும் வறுவலுக்கும் நடுவே நிற்பது இந்த ஒரு பொறுமைதான். தீ நடுத்தரத்துக்கு மேலே இருக்கட்டும். சடசடவென்று சத்தம் வரும். அது தண்ணீர் வெளியேறும் சத்தம். அந்தச் சத்தம் இருக்கும்வரை எல்லாம் சரியாகப் போகிறது. சத்தம் அடங்கிக் குமிழ் குமிழாகக் கொதிக்கிற ஒலி வந்தால் தண்ணீர் தேங்குகிறது, தீயைக் கூட்டுங்கள்.

பரப்பிய பிறகு நான்கு நிமிடம் தொடாதீர்கள். கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பது நமக்குக் கை வந்த பழக்கம், ஆனால் இங்கே அது கெடுதல். ஒவ்வொரு முறை கிளறும்போதும் காய்ந்துவந்த பக்கம் மேலே போய், ஈரப்பக்கம் கீழே வரும். எந்தப் பக்கமும் பழுப்பேறும் அளவுக்குச் சூடாகாது. நான்கு நிமிடம் கழித்து ஒரு துண்டைத் தோசைத் திருப்பியால் புரட்டிப் பாருங்கள். அடியில் பொன்னிறம் வந்திருந்தால் மற்றவற்றையும் புரட்டலாம். வரவில்லை என்றால் இன்னும் இரண்டு நிமிடம். இரண்டாம் பக்கமும் அப்படியே. அதன்பின் தீயை நடுத்தரமாக்கி அவ்வப்போது பிரட்டிவிட்டால் போதும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம். ஓரங்கள் சுருங்கி, அங்கங்கே ஆழ்ந்த பழுப்பு நிறம் ஏறி, துண்டு பாதி உடம்பாகியிருக்க வேண்டும்.

உப்பு எப்போது? புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இதில்தான். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். வாணலியில் போட்டதும் உப்பைத் தூவினால் பழுப்பேற வேண்டிய நேரத்தில் தண்ணீர் ஊறும். எனவே இரண்டு பக்கமும் நிறம் ஏறிய பிறகு, இறக்குவதற்கு மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போது போடுங்கள். அல்லது நேர்மாறாகச் செய்யலாம். நறுக்கிய துண்டுகளில் முக்கால் தேக்கரண்டி உப்பைப் பிசிறி 15 நிமிடம் வைத்தால் தண்ணீர் அடியில் சேர்ந்திருக்கும். அதை வடித்து, துணியில் ஒற்றி எடுத்து வறுக்கலாம். பஞ்சாபில் முள்ளங்கிப் பராத்தாவுக்குத் துருவிய காயில் உப்பைப் போட்டுப் பிழிவதும் இதே கணக்குத்தான். நேரம் இருந்தால் இந்த இரண்டாவது வழி இன்னும் நல்ல நிறம் தரும், உப்பும் உள்ளே ஊறியிருக்கும். பிறகு மேலே உப்புப் போட வேண்டாம், ருசி பார்த்து முடிவு செய்யுங்கள்.

மசாலாவுக்கும் கடைசியில்தான் இடம். மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் இந்தத் தீயில் முதலிலேயே விழுந்தால் கருகிக் கசக்கும். காய் நிறமேறியதும் தீயைக் குறைத்து கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி சாம்பார்ப் பொடி, ஒரு சிட்டிகை பெருங்காயம் தூவி இரண்டு நிமிடம் பிரட்டினால் பச்சை வாசனை போய்விடும். சாம்பார்ப் பொடிக்குப் பதில் மிளகுத்தூளும் சீரகத்தூளும் போடலாம். மிளகு போட்ட வறுவல்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், இனிப்பேறிய காய்க்கு அது நன்றாகத் தோள் கொடுக்கிறது. சோம்புத்தூள் போட்டால் காயின் மென்மையான ருசி அடிபட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன், உங்கள் நாக்கு வேறு மாதிரி சொல்லலாம். இறக்கும் முன் ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு தூவினால் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலே ஒரு பொரபொரப்பைத் தரும். தாளிப்பைத் தனியாகச் செய்து கடைசியில் கொட்டுங்கள்: கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. முதலிலேயே தாளித்து அதன்மேல் காயைப் போட்டால் இருபது நிமிடத்தில் உளுத்தம்பருப்பு கறுத்துவிடும்.

தேங்காய்த்துருவல் வேண்டாம் என்பது என் கருத்து. அது ஈரத்தைத் திரும்பக் கொண்டுவந்து வறுவலைப் பொரியலாக்கிவிடும்.

ஓவன் இருந்தால்

ஓடிஜி வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 220 டிகிரி செல்சியஸில் நன்றாகச் சூடேற்றிவிட்டுத்தான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். அரைச் சூட்டில் வைத்தால் வாணலியில் சிறுதீ வைத்ததற்குச் சமம். சின்ன உருண்டை முள்ளங்கிகளை இலைக்காம்பு சீவி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, எண்ணெயும் உப்பும் மிளகும் பிரட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். தட்டில் படும் அந்தத் தட்டைப் பக்கம்தான் அழகாகப் பழுப்பேறும். 20 முதல் 25 நிமிடம் போதும். வெள்ளை முள்ளங்கியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கினால் 35 முதல் 40 நிமிடம் ஆகும், நடுவில் ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஓவனில் காய்ந்த காற்று நாலாபுறமும் சூழ்ந்து ஈரத்தைக் கொண்டுபோவதால் உப்பை முன்கூட்டியே பிரட்டுவதில் அவ்வளவு பாதகம் இல்லை. ஆனால் துண்டுகளை நெருக்கி அடைத்தால் இங்கேயும் ஆவியில் வெந்துவிடும்.

ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் சுமார் 15 நிமிடம், பாதி நேரத்தில் கூடையைக் குலுக்கிவிட வேண்டும். கூடையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

எதனோடு சாப்பிடலாம்

ரசம் சாதம், தயிர் சாதம், பருப்பு சாதம் மூன்றுக்கும் நன்றாகச் சேரும். சாம்பாரிலும் முள்ளங்கி இருந்தால் அன்றைக்கு இது வேண்டாம், வத்தக்குழம்பு வைத்த நாளில் செய்து பாருங்கள். அந்தப் புளிப்புக்கும் எண்ணெய்க்கும் பக்கத்தில் இதன் இனிப்பு தனியாகத் தெரியும். சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டவும் செய்யலாம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்து.

சூடாகச் சாப்பிடுவதே நல்லது. நேரம் ஆக ஆக உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளிப்பக்கத்துக்கு வந்து முறுகல் தளர்ந்துவிடும். பள்ளிக்கூட டப்பாவில் கொடுத்தால் ருசி இருக்கும், முறுகல் இருக்காது. மீந்ததை மைக்ரோவேவில் சுட வைக்காமல் தோசைக்கல்லில் போட்டு இரண்டு நிமிடம் புரட்டினால் ஓரளவு மீளும். இன்னும் நல்ல வழி, மறுநாள் கெட்டித் தயிரில் போட்டுப் பச்சடியாக்குவது. சுட்ட கத்திரிக்காயில் தயிர்ப் பச்சடி செய்கிறோமே, அதே முறைதான்.

முள்ளங்கி இலையோடு கிடைத்தால் வீட்டுக்கு வந்ததும் இலையை வெட்டித் தனியாக வையுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் கிழங்கிலுள்ள தண்ணீரை இலை இழுத்துக்கொண்டே இருக்கும், இரண்டு நாளில் கிழங்கு துவண்டுவிடும். இளம் இலைகளை வீணாக்க வேண்டாம். மண் போக இரண்டு மூன்று தடவை அலசி, பொடியாக அரிந்து, வறுவல் இறக்கும் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்த்துப் பிரட்டுங்கள். லேசான கசப்போடு கீரை வாசம் கலந்து வரும். முற்றிய இலையாக இருந்தால் அதில் முள் போன்ற சொரசொரப்பு இருக்கும், அதைப் பாசிப்பருப்பு போட்டுத் தனியாகப் பொரியல் செய்துவிடுங்கள்.